அட்வான்ஸ் கொடுக்கும் முன் மண்ணை விசாரியுங்கள்: பாலக்காட்டு எல்லையில் பழைய தொழிற்சாலை நிலம் வாங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

வாளையாறு தாண்டி கஞ்சிக்கோடு வரைக்கும், இந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் வரைக்கும் இப்போது நிலம் நன்றாகக் கைமாறுகிறது. மூடிக்கிடந்த உருக்காலை குடோன் ஆகிறது, பட்டறை இருந்த இடம் வில்லா மனையாகிறது, மாந்தோப்பு லே-அவுட் ஆகிறது. வாங்குகிறவர்கள் வக்கீலை வைத்து ஆதாரமும் (கிரயப் பத்திரம்) முன்னாதாரமும் (அதற்கு முந்தைய பத்திரம்) பார்க்கிறார்கள், சர்வேயரை வைத்து அளக்கிறார்கள், தண்ணீர் பார்க்கத் தேங்காயோடு ஒருவரைக் கூட்டி வருகிறார்கள். அந்த மண்ணில் இதுவரை என்ன கொட்டினார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அடுக்குமாடி எழும்பி, போர் தண்ணீர் மஞ்சளாக வந்த பிறகு கேட்கிறார்கள்.

இன்னொரு வகையினரும் உண்டு. சந்தேகம் வந்ததும் நாலு பையில் மண் அள்ளி லேபுக்கு அனுப்பிவிடுவார்கள். ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருக்கும், ஏனென்றால் தேட வேண்டியதை அவர்கள் தேடச் சொல்லியிருக்க மாட்டார்கள். நிலத்தின் கதை தெரியாமல் எடுத்த மாதிரிக்குப் பெரிய மதிப்பில்லை என்பது என் கருத்து. காலும் காதும் கண்ணும்தான் முதலில், லேப் அப்புறம். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

இந்த ஆய்வு எங்கிருந்து வந்தது

இதை முதல்கட்டச் சுற்றுச்சூழல் ஆய்வு என்பார்கள். ஒரு பிடி மண்கூடத் தோண்டாமல், ஆவணம் பார்த்து, இடத்தை நடந்து பார்த்து, ஆட்களிடம் விசாரித்து, இங்கே மாசு இருக்க வாய்ப்பு உண்டா இல்லையா என்று எழுதித் தருவது முதல் கட்டம். மண்ணும் தண்ணீரும் எடுத்துச் சோதிப்பது இரண்டாம் கட்டம். சுத்தம் செய்வது மூன்றாவது.

அமெரிக்காவில் 1980இல் வந்த சட்டம், நச்சு நிலத்தைச் சுத்தம் செய்யும் செலவை இன்றைய உரிமையாளர் தலையிலும் கட்டலாம் என்றது. வாங்கும் முன் ஒழுங்காக விசாரித்தவருக்கு அதில் பாதுகாப்பு உண்டு. அந்த விசாரணையை எப்படிச் செய்வது என்பதற்கு ஏஎஸ்டிஎம் என்னும் அமெரிக்கத் தரநிலை அமைப்பு 1993இல் ஒரு தரநிலை வெளியிட்டது. அதன் 2021 பதிப்புதான் இப்போது நடப்பில் இருக்கிறது. நம் ஊரில் வெளிநாட்டு நிறுவனமோ பெரிய முதலீட்டு நிதியோ நிலம் வாங்கினால் பெரும்பாலும் இந்தத் தரநிலைப்படி அறிக்கை கேட்பார்கள்.

இந்தியாவில் தனியார் ஒருவர் நிலம் வாங்கும்போது இந்த ஆய்வு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் மாசடைந்த இடங்களை நிர்வகிக்க 2025 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அல்லது அது குறிக்கும் நிறுவனம் 90 நாளில் முதற்கட்டமாகப் பார்க்க வேண்டும். அதற்கு அப்புறம் விரிவான ஆய்வு, மாசுபடுத்தியவரிடம் செலவு வசூல் என்று போகிறது. நாடு முழுக்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அடையாளம் கண்ட இடங்கள் 103. விதிகள் வந்த சமயத்தில் ஏழில்தான் சுத்திகரிப்பு தொடங்கியிருந்தது. இனி பட்டியல் நீளும். நீங்கள் வாங்கிய இடம் நாளைக்கு அதில் வந்தால், முன்னாள் முதலாளியைத் தேடிப்பிடித்துப் பணம் வசூலிக்கும் வரை உங்கள் கட்டுமானம் நிற்கும்.

படி 1: எப்போது தொடங்குவது

கிரய ஒப்பந்தம் போடும் முன். டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துத்தான் இடத்தைப் பிடித்துவைக்க வேண்டும் என்றால், 'ஆய்வில் மாசு தெரிந்தால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வரும், ஆய்வு முடியும் வரை இடத்துக்குள் வந்துபோக அனுமதி உண்டு' என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். இந்த இரண்டு வரிக்கு விற்பவர் எப்படி முகம் கொடுக்கிறார் என்பதே ஒரு தகவல்.

வங்கி ஏலத்தில் வரும் தொழிற்சாலை என்றால் இன்னும் உஷார். கடன் பாக்கிக்காக வங்கி சொத்தை விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி நடக்கும் ஏலங்களில் சொத்து 'உள்ளது உள்ளபடி' விற்கப்படும். மண்ணுக்கடியில் டிரம் கிடந்தாலும் உள்ளபடிதான். ஏல அறிவிப்பில் இடத்தைப் பார்வையிட ஒரு நாள் குறித்திருப்பார்கள். அன்றைக்கே படி 3ஐ, அதாவது இடத்தை நடந்து பார்ப்பதை, முடித்துவிட வேண்டும், மறுபடி உள்ளே விடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

படி 2: காகிதம்

வில்லங்கச் சான்றும், கேரளப் பக்கத்தில் அதற்குச் சமமான பாத்தியதா சர்டிபிகேட்டும் யாரிடமிருந்து யாருக்கு என்று மட்டும்தான் சொல்லும். ஆனால் பெயர்களைக் கவனியுங்கள். நடுவில் 'மெட்டல்ஸ்', 'கெமிக்கல்ஸ்', 'அலாய்ஸ்', 'பேட்டரீஸ்' என்று முடியும் ஒரு நிறுவனத்தின் பெயரோ, அப்படி ஒருவருக்கு எழுதிக்கொடுத்த குத்தகையோ வந்தால் அங்கே பென்சிலால் வட்டம் போடுங்கள். குத்தகை பல சமயம் பதிவே ஆகியிருக்காது. அதை ஆட்களிடம்தான் கேட்டறிய முடியும்.

கேரள வில்லேஜ் ஆபீஸ் ரெக்கார்டில் 'நிலம்' என்று இருந்தால் அது நெல்வயல். 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் வயல், ஈரநிலங்களைப் பட்டியலிடும் ஒரு டேட்டா பேங்க் உண்டு. வயல் இப்போது மேடாக இருக்கிறதா? எப்போது நிரப்பினார்கள், அனுமதி இருந்ததா என்று வக்கீல் கேட்பார். எதைக் கொண்டு நிரப்பினார்கள் என்பதை நீங்கள் கேட்க வேண்டும். உருக்காலைக் கசடும் வார்ப்படப் பட்டறையின் எரிந்த மணலும் இலவசமாகக் கிடைக்கும் நிரப்புப் பொருட்கள்.

பழைய ரெக்கார்டு தேடுபவர்களுக்கு ஒரு தகவல். பாலக்காடு 1956 நவம்பர் வரை சென்னை மாகாணத்து மலபார் மாவட்டம். பக்கத்துச் சித்தூர் தாலுகாவோ கொச்சி சமஸ்தானம். ஆகவே இரண்டின் பழைய நிலக் காகிதங்களும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவ்வளவு பின்னால் போக வேண்டிய தேவை பெரும்பாலும் வராது என்பதும் உண்மை. பெரிய ஆலைகள் வந்தது அதற்குப் பிறகுதான்.

பஞ்சாயத்து ஆபீசில் தொழில் லைசென்ஸ் பதிவேடு இருக்கும். கேரளத்தில் 'டி அண்ட் ஓ லைசென்ஸ்' என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் ஆகியவற்றின் கீழ் கொடுத்த இசைவாணைகள் இருக்கும். ஆலை சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என எந்த வகையில் வைக்கப்பட்டிருந்தது என்று பாருங்கள். அபாயக் கழிவு அனுமதி வாங்கியிருந்தால் அதைவிட முக்கியமானது படிவம் 4 என்னும் ஆண்டு அறிக்கையும், கழிவு லாரியோடு போகும் படிவம் 10உம். வருடத்துக்கு இத்தனை டன் கழிவு உண்டாகும் என்று அனுமதியில் இருந்து, வெளியே போனதற்குச் சீட்டு இல்லையென்றால், மீதி எங்கே போயிருக்கும்? பெரும்பாலும் கம்பெனியின் பின்சுவர் ஓரம்.

விற்பவர் தரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்தியச் சட்டம் என்பதால் கோவைக்காரர் பாலக்காட்டு வாரிய அலுவலகத்துக்கும் மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும், ஆகவே முதல் நாளே போட்டுவிடுங்கள். கூடவே பழைய மின் இணைப்பு என்ன சுமையில் இருந்தது என்று விசாரியுங்கள். 'இரும்புக் குடோன்' என்று சொல்லப்படும் இடத்துக்கு ஹை-டென்ஷன் இணைப்பு இருந்திருந்தால் அங்கே உலை ஓடியிருக்கிறது.

கடைசியாக, கூகுள் எர்த். அதில் பழைய வருடப் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கும் வசதி இலவசம். கொட்டகை எப்போது வந்தது, பின்னால் இருந்த குட்டை எப்போது மறைந்தது, எந்த மூலையில் பல வருடமாகப் புல்லே முளைக்கவில்லை என்பதெல்லாம் தெரியும். ஒரு சாயங்கால வேலைதான், ஆனால் இந்தப் படியில் இதைவிடப் பயனுள்ளது எதுவும் இல்லை என்பேன்.

படி 3: நடை

கோடையில் ஒருமுறை, மழை விட்டதும் ஒருமுறை போக முடிந்தால் நல்லது. சித்தூர் தாலுகாவின் கரிசல் கோடையில் ஆழமாக வெடிக்கும். ஈரமாக இருக்கும்போது அந்தக் களிமண் தண்ணீரை லேசில் இறங்க விடாது, உலோகங்களையும் பிடித்துவைத்துக்கொள்ளும். வெடித்திருக்கும்போது மேலே ஊற்றுவது வெடிப்பு வழியே நேராகக் கீழே போய்விடும். 'கரிசல்தானே, இறங்காது' என்று சொல்பவரிடம் ஏப்ரலில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லை ஓரமாகச் சுற்றத் தொடங்கி, பிறகு உள்ளே குறுக்கும் நெடுக்குமாக நடங்கள். வாசல் பக்கத்தில் ஒன்றும் இருக்காது. பின்பக்கம், ஜெனரேட்டர் அறை, கழிவுநீர்த் தொட்டி, ஸ்டோர் ரூம், கழிப்பறைக்குப் பின்னால், இவைதான் பார்க்க வேண்டிய இடங்கள்.

கறுப்பாக, கண்ணாடி போல் உடையும் கட்டிகள் கிடந்தால் உலைக் கசடு. பேட்டரிப் பெட்டியின் பிளாஸ்டிக் சில்லுகள் மண்ணோடு கலந்து கிடந்தால் அங்கே பழைய பேட்டரி உடைத்திருக்கிறார்கள், ஈயம் நிச்சயம். சுவரடியிலோ தேங்கிய நீரிலோ பளிச்சென்ற மஞ்சள் கறை தெரிந்தால் குரோமியமாக இருக்கலாம். முலாம் பூசும் பட்டறைகளில் இது வரும். எங்கள் எல்லையை விட்டு வடக்கே ராணிப்பேட்டையில், மூடிப் பல வருடம் ஆன குரோமேட் ஆலையின் கழிவு மேடு லட்சக்கணக்கான டன் கணக்கில் கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்த கதை தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியும். நீலப்பச்சை என்றால் தாமிரம். செங்காவி பெரும்பாலும் இரும்புதான், அதற்குப் பயப்பட வேண்டாம்.

தேங்கிய தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். தகடு தகடாக உடைந்து நின்றால் இரும்பு பாக்டீரியா, இயற்கையானது. உடனே மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய்.

தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்கள் ஒவ்வொன்றும் எதற்கு என்று கேளுங்கள். நிலத்தடி டீசல் தொட்டியின் காற்றுக் குழாயாக இருக்கலாம். மூடிய போர்வெல் இருந்தால் ஏன் மூடினார்கள் என்று கேளுங்கள். வற்றிப்போனதால் மூடினார்கள் என்றால் சரி. கழிவுநீரை அதற்குள்ளேயே இறக்கிய ஆலைகள் உண்டு. அப்படி நடந்திருந்தால் மேல்மண் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. பழைய டிரான்ஸ்ஃபார்மர் நின்றால் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்து எண்ணெய்களில் பிசிபி என்னும் நச்சு கலந்திருக்க வாய்ப்புண்டு. அதன் பயன்பாட்டையே 2025 டிசம்பர் 31க்குள் நிறுத்த வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ஆணை கெடு விதித்திருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அது மண் பிரச்சினை அல்ல, ஆனால் இடிக்கும்போது செலவு உங்களுடையது.

தோப்பு வாங்குகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதலமடைப் பக்கத்து மாந்தோப்புகளில் எண்டோசல்ஃபான் உட்பட மருந்து அடித்த வரலாறு உண்டு. 2011இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது. மரத்தடி முழுக்கத் தேட வேண்டியதில்லை. மருந்து வைத்திருந்த கொட்டகை, கலக்கிய தொட்டி, டின் கழுவிய கிணற்றடி, இந்த மூன்று இடமும்தான் முக்கியம்.

எல்லாவற்றையும் போன் கேமராவில் இருப்பிடக் குறிப்போடு படம் எடுங்கள். சுவருக்கு அந்தப் பக்கத்தையும் எடுங்கள். மாசு காம்பவுண்ட் பார்த்து நிற்பதில்லை. அடுத்த இடத்தில் பெட்ரோல் பங்கோ சாயப்பட்டறையோ இருந்தால், அது உங்கள் அறிக்கையில் வர வேண்டும்.

படி 4: ஆட்களிடம் கேட்பது

காகிதத்தில் இல்லாதது முழுக்க இங்கேதான் கிடைக்கும். அதற்கு எங்கள் பகுதியிலேயே பெரிய சாட்சி பிளாச்சிமடை. பெருமாட்டி பஞ்சாயத்தில் 2000இல் தொடங்கிய கொக்கோ கோலா ஆலை 2004 மார்ச்சில் நின்றது. தண்ணீர் வற்றியதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஆலையின் கழிவுக் கசடு உரம் என்ற பெயரில் சுற்றியிருந்த விவசாயிகளுக்குப் போனது என்பதுதான் நிலம் வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய பகுதி. 2003இல் பிபிசி எடுத்துச் சோதித்தபோது அதில் ஈயமும் காட்மியமும் தெரிந்தன. 2010இல் கேரள அரசின் உயர்மட்டக் குழு மொத்த இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. அந்தக் கசடு விழுந்த வயல் எது என்று எந்த ஆதாரத்திலும், எந்தக் கரம் (நிலவரி) ரசீதிலும் எழுதியிருக்காது. வண்டியில் கொண்டுவந்து இறக்கினவருக்கும் உழுதவருக்கும்தான் தெரியும்.

யாரைக் கேட்பது? வாட்ச்மேன், பழைய தொழிலாளி, எதிர்ப்பக்க டீக்கடைக்காரர், அங்கே மாடு மேய்ப்பவர், பக்கத்துக் கிணற்றுக்காரர். சித்தூர் பக்கம் என்றால் கள் இறக்குகிறவரை விட்டுவிடாதீர்கள். தினமும் தென்னை உச்சியிலிருந்து அக்கம்பக்கத்துக் காம்பவுண்டுகளுக்குள் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். நிறுவனத்தின் பெரிய அதிகாரி 'எல்லாம் விதிப்படி' என்பார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

'இங்கே மாசு இருக்கா?' என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். 'ஏனுங்க, கம்பெனி ஓடினப்போ கழிவுத் தண்ணி எந்தப் பக்கம் போச்சுங்க?' 'ராத்திரியில லாரி வருமாங்க?' 'உங்க கிணத்துத் தண்ணியில சோறு வெந்தா நெறம் மாறுதுங்களா?' 'மாடு எந்த மூலையில மேய மாட்டேங்குது?' 'இந்த மேடு முன்னாடியே இருந்துதுங்களா?' ஒருவர் சொன்னால் குறிப்பு, சம்பந்தமில்லாத இரண்டு பேர் ஒரே மூலையைக் காட்டினால் அங்கே தோண்ட வேண்டும்.

இரவு லாரி பற்றிக் கேட்பதில் காரணம் இருக்கிறது. எல்லையோர நிலம் என்றால் ஆள் இல்லாத இடம் என்று பொருள் கொள்கிறவர்கள் உண்டு. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டக் கிராமங்களில் கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதும் லாரிகளில் திரும்ப ஏற்றிப்போனார்கள். பொள்ளாச்சி, வாளையாறு பக்கத்திலும் இந்தப் புகார் புதிதல்ல. தொழிற்சாலையே வராத காலி நிலத்துக்கும் இந்த ஆய்வு ஏன் தேவை என்றால் இதனால்தான்.

படி 5: மூலம், வழி, ஆள்

இதுவரை சேர்த்ததை ஒரு தாளில் வரையுங்கள். நச்சு எங்கே இருக்கலாம், அது எந்த வழியாக நகரும், யாரைப் போய்ச் சேரும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் ஆபத்து குறைவு. சிமெண்ட் தளத்துக்கடியில் அசையாமல் கிடக்கும் ஈயம் குடோனுக்குப் பெரிய சிக்கல் இல்லை. அதே இடத்தில் குழந்தைகள் விளையாடும் மணல் திடல் வந்தால் கதை வேறு.

வழி என்பதில் நம் பகுதிக்கு இரண்டு விசேஷம். ஒன்று பாறை. இங்கே தண்ணீர் மணலில் ஊறிப் பரவுவதில்லை, பாறை வெடிப்புகளில் ஓடுகிறது. ஆகவே அடுத்த கிணறு நன்றாக இருந்து, அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் போர் கெட்டிருக்கலாம். மேல்மட்டக் கிணற்றுத் தண்ணீரையும் ஆழ்துளைத் தண்ணீரையும் தனித்தனியாக யோசிக்க வேண்டும். இன்னொன்று காற்று. பாலக்காட்டுக் கணவாயில் தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்தும், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் காற்று வீசும். மழையில்லாத அந்தக் கிழக்குக் காற்றில்தான் உலைப் புகைத் தூசி அதிகம் பறக்கும். எனவே புகைக்கூண்டுக்கு மேற்கே உள்ள மண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 6: இப்போது லேப்

சந்தேகம் எதுவும் இல்லையென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இருந்தால், எதைத் தேடுவது என்று வரலாறு சொல்லும். பேட்டரிப் பட்டறைக்கு ஈயம், ஆண்டிமணி, அமிலத்தன்மை. முலாம் பூச்சுக்கு ஆறிணைதிறன் குரோமியம், நிக்கல், துத்தநாகம், சயனைடு. சாயத்துக்கு மொத்தக் கரைந்த திடப்பொருள், குளோரைடு, சல்ஃபேட், உலோகங்கள். பெட்ரோல் பங்குக்கும் டீசல் தொட்டிக்கும் பென்சீன் வகையும் மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பனும். லேத், ஒர்க்‌ஷாப் என்றால் கிரீஸ் கழுவும் கரைப்பான்கள். இவற்றில் பல தண்ணீரைவிடக் கனமானவை, கீழே கீழே இறங்கும், மேல்மண்ணில் அகப்படாது.

'மண் டெஸ்ட்' என்று மட்டும் சொன்னால் லேப் உரச்சத்தைப் பார்த்துத் தந்துவிடும். லேபுக்கு என்ஏபிஎல் என்னும் தேசிய வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், உங்களுக்கு வேண்டிய சோதனை அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து இடத்து மண்ணைக் கலந்து ஒரு மாதிரியாக்க விடாதீர்கள், கெட்ட மூலை நல்ல ஒன்பதில் கரைந்துபோகும். இடத்துக்கு வெளியே, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிர்ப்பக்கத்தில் ஒப்பிட ஒரு மாதிரி கட்டாயம். பெட்ரோல், கரைப்பான் சோதனைக்குக் கண்ணாடிக் குப்பியில் காற்றிடமே இல்லாமல் நிரப்பி ஐஸில் வைக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் வழியிலேயே ஆவியாகிவிடும்.

குடிநீருக்கு ஐஎஸ் 10500 என்னும் இந்தியத் தரநிலை இருக்கிறது. ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், காட்மியம் 0.003, மொத்தக் குரோமியம் 0.05. ஃப்ளோரைடு 1 வரை நல்லது, வேறு வழியில்லையென்றால் 1.5. கிழக்குப் பாலக்காட்டில் ஃப்ளோரைடு பாறையிலிருந்தே அதிகமாக வருகிறது. அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கம்பெனியோடு சண்டைக்குப் போக வேண்டாம், அதற்குத்தான் வெளிமாதிரி.

மண்ணுக்குப் பெரும்பாலும் கனடாவின் வழிகாட்டு அளவை வைத்து ஒப்பிடுகிறார்கள். அதன்படி ஈயம் குடியிருப்பு மண்ணில் கிலோவுக்கு 140 மில்லிகிராம், தொழிற்சாலை நிலத்தில் 600. எனவே இந்த இடத்தில் என்ன கட்டப்போகிறீர்கள் என்று ஆலோசகரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 300 என்று வந்தால் வில்லாவுக்குத் தோல்வி, குடோனுக்குத் தேர்ச்சி. எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்பது லேசில் முடிகிற பேச்சு அல்ல. கொடைக்கானல் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடியது. அந்த மண்ணுக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போதுமா என்ற வழக்கே பல வருடம் ஓடியது.

படி 7: பேரம், ஒப்பந்தம், அறிக்கை

முடிவு வந்ததும் நான்கு வழி இருக்கிறது. விட்டுவிடலாம். விலையைக் குறைக்கலாம். விற்பவரே சுத்தம் செய்து, அனுமதி பெற்ற அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்பிச் சீட்டோடு தரச் சொல்லலாம். அல்லது கட்டடத்தின் பயனை மாற்றலாம். மூன்றாவதை ஒப்புக்கொண்டால் சீட்டைக் கையில் வாங்கும் வரை ஒரு தொகையை நிறுத்திவையுங்கள். 'மண்ணை அள்ளிட்டோம்' என்ற வாய்வார்த்தையை நம்பினால் அது அடுத்த ஊர்க் குட்டையில் கிடக்கும். நிலத்தின் பழைய பயன்பாடு பற்றிய எழுத்துப்பூர்வ அறிவிப்பும், பழைய மாசுக்கு வரும் செலவு விற்பவருடையது என்ற பிரிவும் கிரய ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். இதில் வக்கீலும் ஆலோசகரும் ஒருமுறை நேரில் உட்கார்ந்து பேசினால் நல்லது.

ஆலோசகர் தரும் அறிக்கையில் யாரைப் பார்த்தார், எந்த ஆவணம் கிடைத்தது, எது கிடைக்கவில்லை, எந்த அறைக்குள் போக முடியவில்லை என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். பூட்டிய ஸ்டோர் ரூம் பற்றி ஒரு வரிகூட இல்லாத அறிக்கையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். நேர்காணல், நடை, ஆவணத் தேடல் ஆகியவை 180 நாளுக்கு மேல் பழையதாகிவிட்டால் ஏஎஸ்டிஎம் முறைப்படி அவற்றைப் புதுப்பிக்க வேண்டும். கிரயம் இழுத்துக்கொண்டே போய் இடையில் ஒரு பருவமழை கடந்திருந்தால், பதிவுக்கு முந்தைய வாரம் பின்சுவர் ஓரம் இன்னொரு நடை போய்வாருங்கள்.